சைலசின் போட்டாச்சு, இனி பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

விலங்கை வாயு கொடுத்து மயக்கும்போது ஆழம் கூடிவிட்டால், வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் வேப்பரைசரைத் திருகிக் குறைக்கலாம். விலங்கு மூச்சுவிட விட மருந்து வெளியேறிவிடும். ஊசி போட்டு மயக்குவதில் அந்த வசதி கிடையாது. உள்ளே போன கெட்டமின் என்ற மயக்க மருந்தை ஈரலும் சிறுநீரகமும்தான் கழித்துத் தீர்க்க வேண்டும். அதனால் பாதி வேலை சிரிஞ்சை எடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் எடை. பூனைக்கும் சின்ன நாய்க்கும் தராசு இல்லாமல் மருந்தை உறிஞ்சவே கூடாது என்பேன். அடுத்தது பாட்டிலின் செறிவு. விலங்கை அமைதிப்படுத்தும் மருந்தான சைலசின் ஒரு மில்லிக்கு 20 மி.கி. என்றும் வருகிறது, குதிரைகளுக்கென்று 100 மி.கி. என்றும் வருகிறது. 12 கிலோ நாய்க்கு கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 12 மி.கி. தேவை, 20 மி.கி. பாட்டிலில் அது 0.6 மில்லி. அதே 0.6 மில்லியை மற்ற பாட்டிலிலிருந்து எடுத்தால் 60 மி.கி., ஐந்து மடங்கு! கெட்டமினும் 50, 100 என இரண்டு செறிவில் உண்டு. கேஸ் ஷீட்டில் மில்லியை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள், மில்லிகிராமையும் எழுதுங்கள்.

மாடு சைலசினுக்குச் சட்டென்று விழுந்துவிடும். குதிரைக்குப் போடுவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போதும். நரம்பில் கிலோவுக்கு 0.05 மி.கி. என்றால் 300 கிலோ மாட்டுக்கு 15 மி.கி., அதாவது 20 மி.கி. பாட்டிலில் முக்கால் மில்லி. படுத்த மாட்டுக்கு வயிறு உப்பும், இரைப்பையில் உள்ளது தொண்டைக்கு ஏறும். நெஞ்சு தரையில் படும்படி உட்கார்த்தி, கழுத்துக்கு அண்டை கொடுத்து, வாய் தாழ்ந்திருக்கும்படி வைத்தால் எச்சில் வெளியே வடியும். சினையின் கடைசி மாதங்களில் சைலசின் வேண்டாம், கருப்பையைச் சுருங்க வைக்கும்.

பெரும்பாலும் தவறு நடக்கிற இடம் காத்திருப்பதில்தான். தசையில் போட்ட சைலசின் நாயிடம் முழுதாக வேலை செய்ய 10 முதல் 15 நிமிடம் ஆகும். பயந்து துள்ளுகிற நாயிடம் அட்ரினலின் ஓங்கியிருப்பதால் அதே அளவு பாதிதான் பிடிக்கும். ஐந்தாவது நிமிடத்தில் நாய் இன்னும் நிற்கிறதே என்று கூடுதலாகப் போட்டால், இரண்டு அளவும் சேர்ந்து இறங்கும்போது இதயத்துடிப்பு படுத்துவிடும். ஊசி போட்டதும் விளக்கைக் குறைத்து, ஆட்களை வெளியே அனுப்பி, தொடாமல் விட்டுவிடுங்கள்.

கெட்டமின் இறங்கிய பிறகு வேறொரு குழப்பம் வரும். கண் திறந்தே இருக்கும், இமை ஆடும், விழுங்கும். இதையெல்லாம் பார்த்து விழிப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். தாடையைத் திறந்து இறுக்கம் பாருங்கள்; பின்னங்கால் விரலிடுக்கைக் கிள்ளினால் காலை இழுக்கிறதா, துடிப்பு ஏறுகிறதா என்று பாருங்கள். மூச்சை இழுத்துச் சற்றே பிடித்துவைத்து விடுவது கெட்டமினின் இயல்பு. கருவிழி காய்ந்து புண்ணாகும், தொடக்கத்திலேயே கண் களிம்பு போட்டுவிடுங்கள். இன்னொன்று: வயிற்றுக்குள்ளிருந்து வரும் வலியை கெட்டமின் சரியாக அடக்காது. கருப்பை அகற்றும்போது பியூட்டார்பனால் போன்ற ஒரு வலிமருந்து கட்டாயம் கூடவே வேண்டும்.

நாக்கு வெளிறியிருப்பதும் பல்ஸ் ஆக்சிமீட்டர் குறைவாகக் காட்டுவதும் சைலசின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதாலும் இருக்கலாம். கிளிப்பை நகர்த்திப் பார்க்கலாம், ஆனால் அதற்கு முன் ஆக்சிஜனைக் கொடுத்துவிடுங்கள்.

புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை வேகமாகத் தள்ளினால் மூச்சு நிற்கும். கணக்கிட்ட அளவில் கால் பங்கு, அரை நிமிடம் நிறுத்தம், மறுபடி கால் பங்கு. மூச்சுக்குழாய் டியூபும், கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். புரோபோஃபால் கொழுப்புக் குழம்பு என்பதால் கிருமி எளிதில் வளரும். பாதுகாப்பு ரசாயனம் சேர்க்காத பாட்டிலைத் திறந்தபின் மறுநாளைக்கு வைக்கக்கூடாது. தயோபென்டோன் என்ற மயக்க மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோல் அழுகும், ஆகவே ரத்தக்குழாயில் பொருத்தும் கேனுலா இல்லாமல் வேண்டாம். கிரேஹவுண்ட் இன நாய்களுக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள், எழுந்திருக்க வெகு நேரமாகும்.

முடித்ததும் சீக்கிரம் எழுப்ப வேண்டுமென்று சைலசினை முறிக்கும் யோகிம்பினையோ அட்டிபமெசோலையோ உடனே போடுகிறார்கள். சைலசின் விலகி கெட்டமின் மட்டும் மிஞ்சினால் உடல் விறைக்கும், வலிப்புகூட வரும். தசையில் கெட்டமின் போட்டு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகட்டும். அதுவரை துணியால் போர்த்தி வெப்பநிலையை அளந்துகொண்டிருங்கள். உடம்பு குளிர்ந்தால் மருந்து கழிவதும் தாமதமாகும். வெந்நீர்ப் பையை நேராகத் தோலில் வைக்காதீர்கள், மயங்கிய விலங்கால் சூட்டிலிருந்து விலக முடியாது. விழுங்கத் தொடங்கிய பின்பே டியூபை உருவுங்கள்.