பருத் தழும்புக்கு லேசர்: மாநிறத் தோல்காரர்கள் எதிர்பார்க்க வேண்டியவை

பருத் தழும்புக்கு முகத்தில் லேசர் செய்துகொண்டேன் என்று சொன்னால், எல்லாரும் முதலில் கேட்பது "வலிச்சுதா?" என்றுதான். வலி ஒரே நாள் விஷயம். நம்மைப் போன்ற மாநிறம், கருநிறத் தோல்காரர்கள் கேட்க வேண்டியது வேறு: "அதுக்கப்புறம் முகம் கருத்துப்போகுமா? கருத்தால் என்ன செய்யணும்?" நான் போன டாக்டர் இதைத்தான் முதல் நாளே எடுத்து வைத்துப் பேசினார். அந்தப் பேச்சுக்காகவே அவரிடம் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

கல்லூரிக் காலத்திலிருந்து எனக்குப் பரு. ஐசோட்ரெடினாயின் மாத்திரை எடுத்த பிறகுதான் நின்றது. பரு போய்விட்டது, குழிகள் இரண்டு கன்னத்திலும் தங்கிவிட்டன. டாக்டர் வரிசையாக விசாரித்தார். புதிதாகப் பரு வருகிறதா, மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள், அடிபட்ட இடத்தில் தழும்பு தடித்து வளர்கிற கீலாய்டு வீட்டில் யாருக்காவது உண்டா, உதட்டோரம் அக்கிக் கொப்புளம் வந்ததுண்டா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றேன். அதைக் கொண்டுவரும் ஹெர்பிஸ் கிருமி உடம்பிலேயே தூங்கிக் கிடக்குமாம், லேசர் சூடு பட்டால் எழுந்து முகம் முழுக்கப் பரவலாமாம். அதனால் முன்கூட்டியே அதற்கான மாத்திரை தொடங்கச் சொன்னார். எந்தக் கேள்வியும் கேட்காமல் முன்பணம் கட்டச் சொல்லும் இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

பிறகு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்தார்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத பள்ளமெல்லாம் நிழலோடு தெரிந்தது. பார்க்கக் கஷ்டமாக இருந்தாலும் அந்தப் படம் கட்டாயம் வேண்டும். மாற்றம் மெதுவாக வருவதால், பிறகு ஒப்பிட வேறு ஆதாரம் இருக்காது.

"உங்க முகத்துல மூணு ரகமும் இருக்கும்மா," என்றார் டாக்டர். ஊசியால் குத்தியதுபோல வாய் சிறுத்து ஆழமாக இறங்குவது ஐஸ் பிக். ஓரம் செங்குத்தாக, அகலமாக இருப்பது பாக்ஸ் கார். அலை அலையாகத் தோல் தாழ்ந்திருப்பது ரோலிங். இதில் ரோலிங் வகையை அடியில் இருக்கும் நார்கள் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். மேலே எவ்வளவு லேசர் அடித்தாலும் அந்த நார் விடாது. ஊசியை உள்ளே விட்டு அறுத்துவிட வேண்டும், அதற்குப் பெயர் சப்சிஷன். ஐஸ் பிக் குழிக்கு உள்ளே, அந்தப் புள்ளியில் மட்டும், அடர்ந்த ட்ரைக்ளோரோ அசிட்டிக் அமிலத்தைத் தொட்டு வைப்பார்கள். லேசர் நன்றாக வேலை செய்வது மேலோட்டமான பாக்ஸ் கார் தழும்புகளிலும், மொத்தத் தோலின் சொரசொரப்பிலும். ஆக, "லேசர் அடிச்சா எல்லாம் போயிடும்" என்று யாராவது சொன்னால், உங்கள் தழும்பு எந்த ரகம் என்று அவரிடமே கேளுங்கள்.

எனக்குச் செய்தது ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர். 10,600 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஒளி. தோலில் உள்ள தண்ணீர் அதை உறிஞ்சி அந்தக் கணமே ஆவியாகிறது. பழைய முறையில் முகத்தின் மேல்தோலை முழுவதுமாகச் சுட்டு எடுத்துவிடுவார்கள். ஆறுவதற்கு வெகுநாள் ஆகும், நம் நிறத்துக்கு ஆபத்தும் அதிகம். 2004இல் வந்த ஃப்ராக்ஷனல் யோசனைதான் நமக்கு வழி திறந்தது. சல்லடைக் கண்கள் மாதிரி நுண்ணிய புள்ளிகள் மட்டும் சுடப்படும். இடையிலுள்ள நல்ல தோல் பக்கவாட்டில் வளர்ந்து காயத்தை மூடும். ஆழத்தில், தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாகிப் பள்ளத்தை மெதுவாக மேலே தூக்கும். நம் போன்ற தோலுக்குப் புள்ளிகளின் அடர்த்தியைக் குறைத்து, ஒரே முறையில் தீவிரமாகச் செய்யாமல் பல முறையாகப் பிரித்துச் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தாடைக்குக் கீழே போகவும் மாட்டேன் என்றுவிட்டார். புதுத் தோல் மயிர்க்கால்களிலிருந்தும் முளைக்கும். கழுத்தில் அவை குறைவு, அதனால் ஆறுவதும் தாமதம்.

தயாரிப்பு பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியது. தினமும் சன்ஸ்கிரீன், இரவில் ஒரு க்ரீம். நான் வங்கியில் வேலை செய்கிறேன், ஸ்கூட்டியில் போகிறவள். அதனால் வெயில் தணிந்த மார்கழியைத் தேர்ந்தெடுத்தோம். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தயவுசெய்து வேண்டாம், குறைந்தது ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மருந்துக்கடையில் "முகம் வெளுக்க" என்று கேட்டால் கொடுக்கிற க்ரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதல் சில வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருவும் ரோமமும் கிளம்பும், நிறுத்தினால் எரியும். பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் விதி வந்தும், கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது. அப்படி எதையாவது தடவிக்கொண்டிருந்தால், டாக்டரிடம் மறைக்காமல் டியூபையே கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்தத் தோலைத் தேற்றாமல் லேசர் வைக்கக் கூடாது.

லேசர் நாளன்று மரத்துப்போகும் க்ரீமைத் தடவி, ஒரு மணி நேரம்போல உட்கார வைத்தார்கள். பிறகு அதைத் துடைத்துவிட்டு, கண்ணுக்கு மூடி போட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் சூடான ஊசிகள் ஒன்றாகக் குத்தும். கன்னத்தில் தாங்கலாம், மேலுதட்டிலும் நெற்றி ஓரத்திலும் கண்ணில் நீர் வந்தது. முடி கருகுகிற வாடை வரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். முடிந்தவுடன் முகம் அடுப்பில் காட்டியது மாதிரி எரிந்தது. குளிர்ந்த துணி வைத்துக்கொண்டே இருந்ததில் மாலைக்குள் அடங்கியது.

மறுநாள் காலை கண்ணுக்குக் கீழே நன்றாக வீங்கியிருந்தது. தலையணையை உயர்த்திப் படுத்ததில் ஓரிரு நாளில் வற்றியது. அதன் பிறகு முகம் முழுக்கக் காப்பித்தூள் தூவியது போலப் பொடிப் பொடியாய்ப் பழுப்புப் பொருக்கு. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "ஏம்மா, அம்மை போட்டிருக்கா? வேப்பிலை பறிச்சுட்டு வரட்டுமா?" என்று கேட்டார். அம்மாவுக்கோ கொஞ்சம் மஞ்சளும் கற்றாழையும் பூசிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனாலும், "அந்தப் பொருக்கு தானா விழணும்டி, கை வைக்காதே" என்று அவரே காவலும் இருந்தார். டாக்டர் அனுமதித்தவை மூன்றே: மென்மையான க்ளென்சர், அடிக்கடி மெல்லிய வாசலின், புதுத் தோல் மூடிய பிறகு சன்ஸ்கிரீன். மஞ்சள், எலுமிச்சை, ஆவி பிடித்தல், ஸ்க்ரப் எதுவும் கூடாது. சூடும் நிறத்தைக் கிளப்பும் என்பதால் தோசைக்கல் பக்கம்கூடப் போக வேண்டாம் என்றார். ஒரு வாரம்போல விடுப்பு எடுத்தேன், அதற்குள் பொருக்கு உதிர்ந்துவிட்டது. அடியில் இளஞ்சிவப்பாய் வழுவழுவென்று தோல். காய்ச்சலோ, சீழோ, கூடிக்கொண்டே போகும் வலியோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

பொருக்கு உதிர்ந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். நான் பயந்தது அதற்குப் பிறகுதான் வந்தது. சில வாரம் கழித்துக் கன்னத்தில் கட்டம் கட்டமாய்க் கருமை. லேசர் முனை பதிந்த வடிவம் அப்படியே தெரிந்தது. தோல் காயப்பட்டால் நிறமி செல்கள் உசுப்பப்பட்டு, மெலனின் என்ற நிறப்பொருளைக் கொட்டும். நம் தோலில் அந்தச் செல்கள் சுறுசுறுப்பு அதிகம், அவ்வளவுதான். டாக்டர் பதற்றப்படவில்லை. அடுத்த முறையைத் தள்ளிவைத்தார், கருமையைக் குறைக்க அசெலாயிக் அமில க்ரீம் கொடுத்தார், சன்ஸ்கிரீனை இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் ரகத்துக்கு மாற்றினார். வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமின்றிக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் நிறத்தைக் கூட்டும், சாதாரண சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுக்காது. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசி, மதியம் மறுபடி பூசி, ஹெல்மெட்டுக்குள் துணியும் கட்டிக்கொண்டு போனேன். சித்திரை வருவதற்குள் கருமை வெளுத்தது. அந்த மாதங்களில் கண்ணாடியில் பார்க்கவே மனம் வராது. தழும்பே தேவலை என்று அழுத இரவுகளும் உண்டு. இப்படி ஒரு கட்டம் வரலாம், பெரும்பாலும் மாதங்களில் தானாகவே மங்கும் என்று முன்பே தெரிந்ததால்தான் தாங்க முடிந்தது.

செலவைப் பொறுத்தவரை, மருத்துவக் காப்பீடு இதை அழகு சிகிச்சை என்று ஒதுக்கிவிடும், கைக்காசுதான். சில அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவிலும் லேசர் உண்டு, முதலில் அங்கே விசாரிக்கலாம். எங்கே போனாலும் கருவியைக் கையில் பிடிப்பவர் தோல் மருத்துவம் படித்தவரா என்று கேட்டுவிடுங்கள். பியூட்டி பார்லரில் செய்துகொள்ளும் காரியம் இல்லை இது.

சப்சிஷன், அமிலம், சில முறை லேசர் எல்லாம் சேர்ந்து எனக்குப் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. டாக்டர் முதல் நாள் சொன்ன கணக்கும் அதுதான். மேடுபள்ளத்தின் ஓரங்கள் மழுங்கிவிட்டன, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாலும் முன்போல நிழல் விழுவதில்லை. ஆழமான ஐஸ் பிக் சில அப்படியேதான் இருக்கின்றன. கடைசி லேசருக்குப் பிறகும் மாதக்கணக்கில் கொலாஜன் வேலை செய்யும் என்பதால், ஆறு மாதம் விட்டு அதே பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இடது கன்னத்துக்கு மட்டும் இன்னொரு சப்சிஷன் வேண்டுமா என்று முடிவு செய்யலாம் என்றிருக்கிறார். கோடை முழுக்கச் சன்ஸ்கிரீனோடு காத்திருக்கிறேன்.