ஜெட் விமானமா, ஊரா? – ஜூலை மாத நாட்குறிப்பு

ஜூலை 13, 2024, சனி

திங்கள்கிழமை ஜோகன்னஸ்பர்க்கில் வகுப்பு தொடங்குகிறது. இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், இதுவரை ஒரு சார்ட்டர் (வாடகை விமான) கம்பெனியில் கிங் ஏர் என்ற குட்டி விமானம் ஓட்டிக்கொண்டிருந்தேன், இனிமேல் ஏர்லைன். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். அவர்களிடம் இரண்டு ரகம் இருக்கிறது: ஏடிஆர் 72 டர்போப்ராப் (விசிறி வைத்தது), எம்பரேர் 190 ஜெட். பேஸ், அதாவது வேலை தொடங்கி முடியும் ஊர், மூன்று: ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன், டர்பன். எந்த விமானம், எந்த ஊர் என்பது வகுப்பின் இரண்டாம் நாள் முடிவாகும். அன்றைக்குக் காலியாக இருக்கும் இடங்களைப் பலகையில் எழுதிப் போடுவார்கள், வயதில் மூத்தவரில் தொடங்கி ஒவ்வொருவராக எழுந்து தனக்கு வேண்டியதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு டர்பனைத் தவிர வேறு பேச்சே இல்லை. நாங்கள் இருக்கும் டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து கிங் ஷாகா விமான நிலையம் பக்கம். நகரத்துக்குத் தெற்கே இருந்த விமான நிலையத்தை 2010ல் வடக்கே லா மெர்சிக்கு மாற்றியதே தன் மகளுக்காகத்தான் என்கிற நினைப்பில் இருக்கிறாள். "ஆடி பொறக்கப் போவுது, கோயில்ல கூழ் ஊத்துற நேரம் பார்த்து ஊரை விட்டுக் கிளம்புறியே" என்று காலையிலிருந்து ஒரே புலம்பல். கூழ் ஊற்றுவதை இங்கே எல்லாரும் பாரிட்ஜ் ப்ரேயர் என்பார்கள், அம்மா மட்டும் இருபது வருடம் ஆகியும் திருநெல்வேலிக்காரியாகவே இருக்கிறாள்.

ஜூலை 14, ஞாயிறு

ஜார்ஜ் ஊரில் என்னோடு பறக்கப் படித்த தோழி இப்போது டெக்ஸஸில் இருக்கிறாள். கணவர் வழியாக கிரீன் கார்டு வந்தது, அங்கே ஏர்லைனுக்குத் தேவையான 1500 மணிநேரப் பறத்தலை முடித்து, சின்னக் கம்பெனியில் சில காலம் பறந்து, போன வருடம் ஒரு பெரிய ஏர்லைனில் சேர்ந்துவிட்டாள். ராத்திரி ரொம்ப நேரம் பேசினோம்.

அங்கே முறை இன்னும் கறார். சேர்ந்த தேதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரே நாளில் சேர்ந்த வகுப்புக்குள் யார் முன்னால் என்பதற்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழி: சிலவற்றில் வயது, சிலவற்றில் சோஷியல் செக்யூரிட்டி எண் என்கிற அரசு அடையாள எண்ணின் கடைசி நாலு இலக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவள் சிரிக்கவில்லை. ஏதோ ஓர் அலுவலகம் எப்போதோ கொடுத்த நாலு இலக்கத்தை வைத்து அவளுக்கு முன்னால் நின்ற ஒருவன், 65 வயதில் ஓய்வு பெறும்வரை அவளுக்கு முன்னாலேயே நிற்பான். விடுமுறை, மாத ரோஸ்டர் (வேலை அட்டவணை), விமானம் மாறுவது, கேப்டன் ஆவது, எல்லாவற்றிலும் அவனுக்குக் கொடுத்துவிட்டு மிச்சம் இருந்தால்தான் அவளுக்கு.

நியூயார்க் பேஸ் பெரும்பாலும் புதியவர்கள் தலையில்தான் விழுமாம். வாடகை அதிகம், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்துபோவதும் தொல்லை, அதனால் சீனியர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அதே காரணத்தால் அங்கே இருப்பவர்களுக்குச் சீக்கிரம் கேப்டன் நாற்காலி வந்துவிடுகிறது என்பதையும் சொன்னாள். 2022, 2023ல் ஆள் எடுப்பு உச்சத்தில் இருந்தபோது புதிதாக வந்த சிலருக்கு நேரே பெரிய போயிங் 777, 787 எல்லாம் கிடைத்திருக்கிறது. வீட்டில் படம் காட்ட நன்றாக இருக்கும், ஆனால் அதை எடுத்தவர்களில் பலர் ரிசர்வில், கூப்பிட்டால் போகத் தயாராக, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள், கிளம்பினால் நீண்ட தூரம், லேண்டிங் கையில் கிடைப்பதே அபூர்வம், 90 நாளுக்குள் மூன்று டேக்ஆஃப் மூன்று லேண்டிங் என்ற விதியை நிரப்ப சிமுலேட்டருக்கு ஓட வேண்டியிருக்கிறது. பல கம்பெனிகளில் முதல் வருடம் எந்த விமானத்துக்கும் ஒரே சம்பளம்தான், வித்தியாசம் இரண்டாம் வருடத்தில்தான் தொடங்கும் என்பது எனக்குப் புதிது.

அவள் என்ன எடுத்தாள் என்று கேட்டேன். "வீட்லேருந்து கார்ல போற பேஸ். என்ன விமானம்னு அப்புறந்தான் பார்த்தேன்" என்றாள். சரி, அவளுக்கு இரண்டு குழந்தைகள்.

ஜூலை 16, செவ்வாய்

பலகையில் எழுதியிருந்தது: ஏடிஆர், டர்பன் ஒன்று, ஜோகன்னஸ்பர்க் மூன்று. எம்பரேர், ஜோகன்னஸ்பர்க் மூன்று, கேப் டவுன் ஒன்று. வகுப்பில் எட்டுப் பேர், வயதில் நான் ஐந்தாவது.

முதலில் எழுந்தவருக்கு ஐம்பது இருக்கும். டர்பன்காரர், எங்கள் கோயில் காவடியில்கூடப் பார்த்திருக்கிறேன். மூடிப்போன ஓர் ஏர்லைனில் ஜெட் கேப்டனாக இருந்தவர், இங்கே மறுபடி ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி), சீனியாரிட்டி பட்டியலில் எங்களோடு அடியில். நிச்சயம் ஜெட்தான் கேட்பார் என்று எல்லாரும் நினைத்தோம். "ஏடிஆர், டர்பன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அறையில் ஒரு சின்ன சலசலப்பு. எனக்கோ வயிற்றில் சுரீர் என்றது, அந்த ஒரே இடத்தைத்தான் அம்மாவிடம் பாதி வாக்குக் கொடுத்திருந்தேன்.

இரண்டாமவர் கேப் டவுன் ஜெட்டை எடுத்தார். மூன்றாமவர் ஜோகன்னஸ்பர்க் ஜெட். நான்காவது ஆள் யோசிக்காமல் ஜோகன்னஸ்பர்க் ஏடிஆர் என்றான். அவன் கணக்கு தெளிவானது: ஏடிஆரில் கேப்டன்கள் ஜெட்டுக்கு மாறிக்கொண்டே இருப்பார்கள், இடம் காலியாகும், கமாண்ட், அதாவது கேப்டன் பதவி, சீக்கிரம் வரும்.

என் முறை வந்தபோது ஜோகன்னஸ்பர்க்கில் இரண்டு ரகமும் மிச்சம் இருந்தன. ஏடிஆர் எனக்குப் பிடிக்கும், குட்டி ஊர்கள், நாளுக்கு நாலு லேண்டிங், பெரும்பாலும் ராத்திரி வீடு. ஆனால் அது 25,000 அடிக்கு மேல் போகாது. ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் பீடபூமியின் கோடைகால மத்தியானங்களில் இடிமேகம் எழும்பும்போது அந்த உயரத்தில் மேகங்களுக்கு நடுவே வழி தேடிக்கொண்டிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், வளைகுடா கம்பெனிகளில் ஜெட்டில் பறந்த மணிநேரத்துக்கு மதிப்பு அதிகம், எனக்கு அந்தக் கதவையும் மூட மனமில்லை. எம்பரேர், ஜோகன்னஸ்பர்க் என்றேன்.

கடைசியாக எழுந்த பையனுக்கு 22 வயது. ஜெட் முடிந்துவிட்டது. "ஏடிஆர்" என்று அவன் சொன்னதை யாரும் சரியாகக் கேட்கக்கூட இல்லை. சாப்பாட்டு நேரத்தில் நான்காவது ஆள் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்த வகுப்பில் முதலில் கேப்டன் ஆகப்போவது நீயும் நானும்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். அது பொய்யும் இல்லை.

ஜூலை 17, புதன்

டைப் ரேட்டிங் (அந்த ரக விமானம் ஓட்டும் தகுதி) பயிற்சிக்கான பாண்டில் கையெழுத்துப் போட்டாச்சு. பாண்டுக் காலம் முடிவதற்குள் விலகினால் மிச்சக் காலத்துக்கான பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். ரகம் மாற இரண்டு வருடம் விண்ணப்பிக்கவே முடியாது. பேஸ் மாற விண்ணப்பிக்கலாம், கிடைப்பது வேறு விஷயம்.

ஜூலை 20, சனி

அந்த முன்னாள் கேப்டனோடு ஒரே விமானத்தில் டர்பன் திரும்பினேன். ஏன் அங்கிள் என்று கேட்டேவிட்டேன். பிள்ளைகளுக்குப் பள்ளி இங்கே, மனைவிக்கு வேலை இங்கே. பழைய கம்பெனியில் பல வருடம் சேர்த்த சீனியாரிட்டி எண் கம்பெனி மூடிய அன்றே செத்துவிட்டது, எண்ணைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கம்பெனிக்குப் போக முடியாது, பறந்த மணிநேரத்தை மட்டும்தான் கொண்டுபோகலாம். சர்வதேச விமானங்களில் 65தான் எல்லை, தனக்கு மிச்சம் இருக்கிற வருடங்களில் ஜெட் கேப்டனாகத் திரும்பி வந்தாலும் சில வருடம்தான் பறக்கலாம் என்றார். அந்தச் சில வருடத்துக்காக இப்போது வாரம் முழுக்க வேறு ஊரில் கிடக்கத் தயாரில்லை.

அமெரிக்காவில் 2007 டிசம்பரில் அந்த எல்லையை 60லிருந்து 65 ஆக்கியபோது கீழே இருந்தவர்கள் ஐந்து வருடம் அப்படியே நின்றுபோனதை அவர்தான் சொன்னார். மேலே இருப்பவர் போகவில்லை என்றால் கீழே இருப்பவருக்கு அசைவே கிடையாது. 67 ஆக்கும் முயற்சி இந்த மே மாதம் அங்கே நிறைவேறவில்லை. இளையவர்கள் நிம்மதிப்பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

கேப் டவுனை எடுத்தவரைப் பற்றியும் பேச்சு வந்தது. சின்ன பேஸ், போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள், கடல், மலை, யார்தான் வருவார்? ஆகவே அவருக்கு மேலே இருப்பவர்கள் நகரமாட்டார்கள், பல தீபாவளிக்கு அவர் ஸ்டாண்ட்பைதான் (கூப்பிட்டால் போகக் காத்திருப்பது) என்றார் அங்கிள். ஜோகன்னஸ்பர்க்கில் ஆள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். பலகையைப் பார்த்துத் தேர்வு செய்கிறபோது விமானத்தின் பெயர் கண்ணில் படும், அந்த ஊரில் உனக்கு முன்னால் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் கிளம்புவார்கள் என்பது எழுதியிருக்காது. அதை முன்பே விசாரித்து வைத்திருந்தவர் எங்கள் வகுப்பில் இந்த அங்கிள் ஒருவர்தான்.

அம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த அங்கிள்தான் டர்பனை எடுத்தார் என்று தெரிந்தால் கோயிலில் என்ன நடக்குமோ.

ஜூலை 28, ஞாயிறு

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு விமானத்தில் வந்துபோய் வேலை பார்க்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். பறக்க ஒரு மணிநேரம்தான், ஆனால் ஊழியர் டிக்கெட்டில் இடம் மிச்சம் இருந்தால்தான் ஏற முடியும். ஸ்டாண்ட்பையில் கூப்பிட்டால் குறித்த நேரத்துக்குள் ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் நிற்க வேண்டும். என்3 நெடுஞ்சாலையில் 570 கிலோமீட்டர், அதை நம்பவே முடியாது. ரோஸ்டர் ஒழுங்காகக் கிடைக்கும்வரை அங்கேதான் தங்க வேண்டும்.

சிமுலேட்டர் ஆகஸ்டில். அந்த விமான நிலையத்தை ஒட்டிய கெம்ப்டன் பார்க் பக்கம் அறை தேடுகிறேன், ஒருத்திக்குப் போதும், தண்ணீர் ஒழுங்காக வர வேண்டும், மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் இருக்க வேண்டும், விடிகாலை மூன்று மணிக்கு நான் கதவைத் திறந்தால் முகம் சுளிக்காத வீட்டுக்காரர்களாக இருந்தால் ரொம்ப நல்லது. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.