பெரம்பூர் குடும்பங்களின் வேர் தேடுகிறவர்களுக்கு

பெரம்பூர், ராயபுரம் பக்கம் ஆங்கிலோ இந்திய வம்சாவளி தேடுகிறவர்கள் பலரும் குடும்பப் பெயரைப் பார்த்ததுமே முடிவு கட்டிவிடுகிறார்கள். டிசூசா, பெரேரா என்றால் உடனே ஐரோப்பிய ரத்தம் என்று அர்த்தமில்லை. போர்த்துகீசியப் பாதிரியார்கள் ஞானஸ்நானத்தில் உள்ளூர்க்காரர்களுக்கும் அந்தப் பெயர்களைத்தான் வைத்தார்கள்.

ஆங்கிலோ இந்தியர் யார் என்று சொல்லும் இந்திய அரசியல் சட்டத்தின் 366(2) பிரிவு அப்பா வழியை மட்டுமே பார்க்கிறது. அப்பாவோ அவர் வழி ஆண் முன்னோர் ஒருவரோ ஐரோப்பிய வம்சமாக இருக்கவேண்டும். இந்தியாவில் நிலையாகக் குடியிருந்த பெற்றோருக்கு இங்கேயே பிறந்திருக்கவேண்டும். அம்மா ஆங்கிலோ இந்தியர், அப்பா தமிழர் என்றால், வீட்டில் ஞாயிறுதோறும் மஞ்சள் தேங்காய்ச் சோறும் 'பால் கறி' என்கிற கறி உருண்டைக் குழம்பும் டெவில் சட்னியும் பரிமாறினாலும் பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள். அப்பா வழியில் பல தலைமுறைக்கு முன் ஒரே ஒரு ஐரிஷ் சிப்பாய் இருந்தால் வந்துவிடுவார்கள். நிறத்தை யாரும் கேட்பதில்லை. மொரீஷியஸின் 1968 அரசியல் சட்டம் இதற்கு நேர் எதிர்: வாழ்க்கைமுறையைப் பார்த்து இந்து, முஸ்லிம், சீனர் என்று பிரித்துவிட்டு, மிச்சமுள்ள எல்லோரையும் 'பொது மக்கள்' என்று ஒரே பிரிவில் போட்டது. ஆப்பிரிக்க, கலப்பு வம்சாவளியினரான கிரியோல்கள் அதற்குள்தான். எனக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் படுகிறது.

தேடும்போது பின்னோக்கிப் போங்கள். அப்பாவின் ஞானஸ்நானப் பதிவில் தாத்தா பெயர் இருக்கும். தாத்தாவின் திருமணப் பதிவில் அவருடைய அப்பா பெயர். கூடவே எழுதியிருக்கும் வேலையையும் குறித்துக்கொள்ளுங்கள். ரயில்வே குடியிருப்பில் ஒரே பெயரில் இருவர் இருந்தால், எஞ்சினில் கரி போடும் ஃபயர்மேனா ஃபிட்டரா என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 வரிசையில் இருக்கின்றன. கத்தோலிக்கப் பதிவுகள் அங்கே முழுசாகப் போய்ச் சேரவில்லை. அதற்குப் பங்குக் கோயில் ஏடுதான் கதி. எழுத்துக் கூட்டல் ஏட்டுக்கு ஏடு மாறும், ஆகவே ஒரே பெயரை நாலைந்து விதமாகத் தேடுங்கள்.

நூல் அறுவது பெரும்பாலும் அம்மாக்களிடம். 1687இல் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் சென்னைக் கோட்டைக்கு எழுதினார்கள்: சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணக்கட்டும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடக்கும் அன்று தாய்க்கு ஒரு வராகன் (பொற்காசு) கொடுங்கள் என்று. பழைய ஏடுகளில் அப்படிப்பட்ட தாய்க்கு 'மேரி' என்ற ஞானஸ்நானப் பெயர் மட்டும் மிஞ்சும். சொந்தப் பெயர், ஊர், சாதி எதுவும் இருக்காது. அதனால் பாட்டிகளுக்குத் தனித்தாள் போடுங்கள். எந்த ஊர், வீட்டில் எந்த மொழியில் ஜெபம் சொன்னார்கள், கல்யாணத்துக்கு முன் என்ன பெயர் என்பதை உயிரோடு இருக்கும் அத்தைகளிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.