மலைக்குளிரில் வொஷிங் மெஷின் நாறாமல் இருக்க

நுவரெலியா, ஹட்டன் பக்கம் முன்கதவு வொஷிங் மெஷின் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைத்தான். அதன் கீழ் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள்: தேங்கிய தண்ணீர், தலைமுடி, குழைந்த சவர்க்காரம், அதன்மேல் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம். துவைத்த துணியில் வரும் புழுங்கிய நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான். நம் குழாய்த் தண்ணீர் சில்லென்று இருப்பதால் தூள் சரியாகக் கரையாமல் படிந்துவிடும், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் காற்றே ஈரமாக இருக்க டிரம் தானாகக் காயவும் காயாது. அதனால் துவைத்து முடிந்ததும் வளையத்தைத் துடைத்து, கதவையும் தூள் போடும் தட்டையும் திறந்தே விடுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால், திறந்த டிரம்முக்குள் ஏறி மாட்டிக்கொள்ளக் கூடும் என்பதால் அந்த அறையைப் பூட்டி வையுங்கள், இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

மாதம் ஒருமுறை துணி போடாமல் 60 பாகைச் சுடுநீரில் ஓடவிடுங்கள். பிளீச் ஊற்றினால் வினிகரைக் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். கீழே இருக்கும் பம்ப் ஃபில்டரையும் தண்ணீர் ஆறிய பிறகு திறந்து கழுவுங்கள், காசு, பொத்தான் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

அப்புறம் டிரையர். பஞ்சு வலையை ஒவ்வொரு முறையும் எடுத்துச் சுத்தம் செய்தே ஆக வேண்டும், சேர்ந்த பஞ்சு தீப்பிடிக்கும். துணி மென்மையாக்கி பாவிப்பவர்கள் வலையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இறங்காமல் நின்றால் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு அடைத்திருக்கிறது, பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பல்துலக்கியும் போதும், காயவைத்துத்தான் திரும்பப் போட வேண்டும்.