டைப் ஆர் மோகமும் சிஓஇ கணக்கும்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறை வாசலில் நின்றது, நான் வாங்கப் பார்க்கும் அந்த வெள்ளை ஹோண்டா இண்டெக்ரா டைப் ஆர், டிசி5 மாடல். ஜப்பானிலிருந்து நேராக இறக்குமதியான வண்டி, 2006 பதிவு. சன் வைசரில் ஏர்பேக் எச்சரிக்கை இன்னும் ஜப்பானிய எழுத்தில்தான் இருக்கிறது. ரெக்காரோ இருக்கை, பிரெம்போ பிரேக், ஆறு கியர், 220 குதிரைத்திறன் தரும் கே20ஏ எஞ்சின். எஞ்சின் சுழற்சி காட்டும் முள் நிமிடத்துக்கு 6,000ஐ நெருங்கும்போது சத்தமே வேறு!

கூட வந்த அத்தான் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. "ரெண்டாவது கியரைப் போடு தம்பி" என்றார். வேகமாகப் போட்டால் கரகரவென்று ஒரு உறுத்தல். கியர் உறுத்தாமல் விழ உதவும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. இந்த மாடலில் இது வழக்கம்தான், ஆனால் கியர்பாக்ஸைப் பிரித்தால் கூலி சும்மாவா? விலையில் குறைக்கச் சொன்னேன். விற்பவர் சிரித்தார்.

அப்புறம் காகிதக் கணக்கு. சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்க அரசு தரும் உரிமைச் சான்றிதழ், ஏற்கெனவே ஒருமுறை புதுப்பித்தது, அதனால் வண்டியின் பதிவை ரத்து செய்யும்போது திரும்பக் கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடி கிடையாது. மீண்டும் புதுப்பிக்க, கடந்த மூன்று மாத சிஓஇ விலையின் சராசரியைக் கட்ட வேண்டும். ஐந்தாண்டுக்கு என்றால் பாதி, ஆனால் அதற்குப் பிறகு வண்டி சாலையிலிருந்து விலக வேண்டியதுதான். பதினான்கு வயதைத் தாண்டியதால் சாலை வரியில் 50% கூடுதல், ஆண்டுதோறும் பரிசோதனை வேறு.

எனக்குப் பத்தாண்டுதான் சரி. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கியர்பாக்ஸ் விலை வரட்டும்.