துறையூர் போகிற வழியில் ஒரு வெள்ளறை

ஐப்பசி மாதச் சனிக்கிழமை. துறையூர் பெருமாள்மலையைச் சேவித்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பி ராத்திரி ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு. மண்ணச்சநல்லூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வேனில் புகை கிளம்பியது. ரேடியேட்டர் ஹோஸ் போய்விட்டது. டிரைவர் வழியில் வந்த பைக்கை நிறுத்தி ஏறிக்கொண்டே, "திருவெள்ளறை இதோ பக்கத்துலதான். கோயில்ல இருங்க, ஹோஸ் வாங்கிட்டு வந்துடறேன்" என்றார்.

சித்தப்பாவுக்கு முகமே இல்லை. அத்தைதான், "நூத்தியெட்டு திவ்யதேசத்துல ஒண்ணு, பெருமாளே கூப்பிடறார், வாங்கடா" என்று முதலில் நடந்தாள்.

நடை திறக்கவில்லை. சரி என்று ஸ்வஸ்திக வடிவக் கிணற்றைப் பார்க்கப் போனோம். பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டியது. 'மாற்பிடுகு பெருங்கிணறு' என்று கல்வெட்டு சொல்கிறது. நான்கு பக்கமும் படிகள் இறங்கி, பாதியில் மடங்கித் திரும்புகின்றன. ஒரு துறையில் இறங்கியவருக்கு அடுத்த துறையில் இருப்பவர் தெரிவதில்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பே குளிக்கிறவர்களின் கூச்சத்தை யோசித்து வெட்டியிருக்கிறார்கள்! அங்குள்ள கல்வெட்டுப் பாட்டு, மூப்பு வந்து தளர்த்துமுன் உண்டது போக மிஞ்சியதை அறத்துக்கு வை என்கிறது. நாள் பார்த்து நின்று நைந்துபோகாதே என்றும் ஒரு வரி. சித்தப்பாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நடை திறந்ததும் கீதையின் அத்தியாயக் கணக்காகச் சொல்லப்படும் 18 படிகள் ஏறினோம். சன்னதிக்கு இரண்டு வாசல்: தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். எங்களுக்குத் தட்சிணாயனம் வாய்த்தது. உள்ளே புண்டரீகாட்சன், அதாவது தாமரைக் கண்ணன், நின்ற கோலத்தில். சூரியனும் சந்திரனும் சாமரம் வீசுகிறார்கள். கூட்டமே இல்லை, ஜருகண்டியும் இல்லை. தீபத்தை அர்ச்சகர் திருமுகத்தருகே உயர்த்தியபோது அந்தக் கண்களை ஆசை தீரப் பார்த்தோம். பெரியாழ்வார் கண்ணனை அந்திப் பொழுதில் கண்ணேறு படாமல் காப்பிட அழைத்தது இந்த ஊர்ப் பெருமாளை நினைத்துத்தான். வெளியே வந்தபோது எங்களுக்கும் அந்திதான்.

பங்கயச்செல்வித் தாயாருக்கு இங்கே புறப்பாட்டில் முதல் மரியாதை. அதைக் கேட்டதிலிருந்து அத்தையின் நடையே மாறிவிட்டது.

வேன் வந்தது, பெருமாள்மலைக்கு இனி நேரமில்லை. நீங்கள் திருவெள்ளறை போவதானால் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துறையூர் பஸ் ஏறுங்கள். நடை திறக்குமுன் போய்ச் சேர்ந்தால் கிணற்றை நிதானமாகச் சுற்றலாம்.