யுகேட் நாட்குறிப்பு, 2025

ஜூன் 1, ஞாயிறு

முதலில் தேதி, அப்புறம்தான் புத்தகம். சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (என்டியு) லீ கோங் சியான் மருத்துவப் பள்ளி முன்பு பிமேட் என்ற நுழைவுத் தேர்வைக் கேட்டது. 2023க்குப் பிறகு அந்தத் தேர்வே இல்லை, இப்போது யுகேட் என்ற கணினிவழி நுழைவுத் தேர்வு. இந்த ஆண்டு ஜூலை 7 முதல் செப்டம்பர் 26 வரை எழுதலாம். செப்டம்பர் தொலைவில் இருப்பதுபோல் தெரியும், ஆனால் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் பிரிலிம், அதாவது ஏ நிலைக்கு முந்தைய பள்ளித் தேர்வு, நடக்கும் காலம். ஜூன் விடுமுறையில் தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்து, ஜூலை நடுவில் எழுதிவிடுவதே நல்லது.

ஓர் ஆண்டில் ஒரு முறைதான் எழுத முடியும். மதிப்பெண்ணும் அந்தச் சுற்றோடு சரி. தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணியில்) இருந்தபடி மறுபடி விண்ணப்பிக்கும் பையன்கள் திரும்ப எழுத வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று முன்பதிவு தொடங்குகிறது. நம் பிள்ளைகள் பெயரில்தான் கவனமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ (இன்னாரின் மகள்) என்று அப்பா பெயரும் சேர்ந்து நிற்கும். படிவத்தில் வீட்டில் கூப்பிடும் பெயரை மட்டும் அடித்தால், தேர்வு மையத்தில் ஆவணத்தோடு பொருந்தாமல் திருப்பி அனுப்பிவிடலாம்; கட்டணமும் போகும். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தவறு இருந்தால் தேர்வு நாளுக்கு முன்பே யுகேட் அலுவலகத்துக்கு எழுதித் திருத்திவிடுங்கள்.

ஜூன் 22, ஞாயிறு

பிராஸ் பசா புத்தகக் கடைகளில் வாங்கிய பழைய யுகேட் பயிற்சிப் புத்தகம் என்றால் உருவ வடிவங்கள் பகுதியைத் தாண்டிப் போங்கள். இந்த ஆண்டு முதல் அது கிடையாது. மொத்த மதிப்பெண்ணும் 3600 அல்ல, 2700.

வாசிப்புப் பகுதியில் 44 கேள்வி, 22 நிமிடம். ஒரு பத்திக்கு நான்கு கேள்வி, ஆக இரண்டே நிமிடம். உயிரியல் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்தான் இங்கே சறுக்குகிறார்கள்: பத்தியில் இல்லாததைத் தங்கள் அறிவால் நிரப்பி, ‘சொல்ல முடியாது’ என்று குறிக்க வேண்டிய இடத்தில் ‘சரி’ என்று குறித்துவிடுகிறார்கள்.

கணக்கில் 36 கேள்வி, 26 நிமிடம். கணக்கு சுலபம், கைதான் மெதுவாக இருக்கும். திரையில் உள்ள கால்குலேட்டரை மவுஸால் தட்டினால் நேரம் ஓடிவிடும். ஆல்ட்டும் சி-யும் அழுத்தித் திறந்து, எண் விசைகளில் அடித்துப் பழகுங்கள். மடிக்கணினியில் அந்த விசைகள் இல்லாவிட்டால் தனியாக ஒரு விசைப்பலகை வாங்குவது வீண் செலவு அல்ல.

தவறான விடைக்குக் கழிவு இல்லை. எதையும் காலியாக விடாதீர்கள்.

ஜூலை 5, சனி

சூழல் தீர்ப்புப் பகுதி (ஒரு சூழலில் என்ன செய்வது சரி என்று கேட்பது): 69 கேள்வி, 26 நிமிடம். எல்லாவற்றுக்கும் ‘மேலதிகாரியிடம் சொல்’ என்பது விடையாகாது. சக மாணவர் ஒரு நாள் தாமதமாக வந்தால் முதலில் அவரிடமே பேசலாம்; நோயாளிக்கு ஆபத்து என்றால் காத்திருக்கக் கூடாது. சரியான விடைக்கு அடுத்து நிற்பதற்கும் ஓரளவு மதிப்பெண் உண்டு.

யுகேட் இணையத்தளத்தில் உள்ள இலவச மாதிரித் தேர்வுகளில் ஒன்றையாவது கடைசி வாரத்துக்கு மிச்சம் வையுங்கள். நடுவே எழுந்திருக்காமல், கடிகாரம் வைத்து எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக (என்யுஎஸ்) மருத்துவத்துக்குத் தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள் யுகேட் எழுதத் தேவையில்லை. அங்கே விண்ணப்பித்தவர்களில் முதல் கட்டமாகப் பொறுக்கி அழைக்கப்பட்டவர்களுக்கு அவர்களே நடத்தும் திறன் மதிப்பீடு. பல் மருத்துவத்துக்குக் கைத்திறன் சோதனையும் உண்டு. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஏற்கனவே பட்டம் பெற்றவர்களுக்கானது, அதற்கு எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதுபவர்கள் முடிவு வர ஒரு மாதம் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்து நாள் குறிக்க வேண்டும்.

யுகேட் எழுதி முடித்தவர்கள் மதிப்பெண் தாளைத் தரவிறக்கிப் பத்திரப்படுத்திவிட்டு, நாளையிலிருந்து பிரிலிம் பாடங்களுக்குத் திரும்புங்கள்.